தள்ளி உக்காரு

முதல் ஷிப்ட் முடிந்து, படப்பையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது தாவீதுக்குக் கண் எரிந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மதியத்துக்கு மேல் வீடுகளுக்கும் போய் ரிப்பேர் பார்ப்பான். அன்று கங்கா அக்கா வீடு. அவள் புருஷன் டில்லிபாபு அதே கம்பெனியின் அசெம்பிளி லைனில் வேலைக்கு நின்றபடியே மயங்கி விழுந்து செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"கம்ப்யூட்டர்ல கறுப்பா ஒரு ஜன்னல் தானா தொறந்துக்குது தம்பி," என்றாள் கங்கா. "பொண்ணு கிட்ட போவவே மாட்டேங்குறா. பரிட்சை வேற வருது. இன்னா ஏதுன்னு பாரேன்."

உள்ளறையில் மெஷின் ஆயிலும் வியர்வையும் கலந்த வாடை. கம்பெனி பஸ்ஸில் தினமும் அடிக்கும் வாடைதான். அந்த வீட்டிலிருந்து இப்போது யாரும் கம்பெனிக்குப் போவதில்லை என்பது அவனுக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது.

வைரஸ் தேடினான். இல்லை. தானாக ஓடும்படி எதையாவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்தான். அதுவும் இல்லை. கடைசியில் அந்தக் கறுப்பு ஜன்னலை அவனே திறந்தான். விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினான். சி.எம்.டி. என்று அடித்து என்டர்.

வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டு காத்திருந்தது. கட்டளை அடிக்கக் கையைத் தூக்கினான்.

எழுத்துகள் தாமாக விழுந்தன. தூக்கக் கலக்கத்தில் ஒற்றை விரலால் அடிப்பது போல, மெதுவாக. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

கால் வலிக்குது.

தாவீது கீபோர்டு ஒயரைப் பிடுங்கினான்.

கொஞ்சம் உக்காரணும்.

"ஏசப்பா..."

தள்ளி உக்காரு.

நாற்காலி முனகிக்கொண்டு அமுங்கியது. அவன் தொடையோடு இன்னொரு தொடை ஜில்லென்று ஒட்டியது. ஷூவைக் கழற்றும்போது விடுகிற நீண்ட மூச்சு ஒன்று காதில் பட்டது. அந்தச் சோர்வு அப்படியே அவன் உடம்புக்குள் இறங்கியது. எழ முடியவில்லை. எழ வேண்டுமென்றும் தோன்றவில்லை.

கங்கா வாசற்படியிலேயே நின்றாள். "வந்துட்டாரா?"

அந்தக் குரலில்தான் அவனுக்கு உயிர் வந்தது. சுவரைப் பிடித்து எழுந்தான்.

"தெரிஞ்சேதான் கூப்ட்டீங்களாக்கா?"

"எத்தினி நாளு தம்பி நானே பாத்துக்கினு கெடக்கறது." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் முடியல."

பையை எடுத்துக்கொண்டு அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அடுத்த வாரம், காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது கங்கா போன் செய்தாள். "இப்போ அந்த ரூம்ல யாரும் இல்ல தம்பி. பொண்ணு உக்காந்து படிக்கிறா. நீ நல்லா இருப்ப." நன்றாகத் தூங்கி எழுந்தவள் குரல்.

குன்றத்தூர் தாண்டியதும் பஸ் நிறைந்துவிட்டது. தாவீதின் பக்கத்து சீட் மட்டும் காலி. லைனில் புதிதாகச் சேர்ந்திருந்த செந்தமிழன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காருடா. இடம் கீதுல்ல?"

செந்தமிழன் குரலைத் தாழ்த்தினான்.

"எங்க இடம் கீதுண்ணா? அவரு உன் தோள்ல சாஞ்சி தூங்கிக்கினு கீறாரு. மெதுவா பேசு, எழுந்துக்கப் போறாரு."