நிமிர்ந்திருந்த கோப்பை

நேற்று அஸர் தொழுதுவிட்டு அஜீசுன்னிசா நிரப்பி வைத்த கோப்பை இன்று காலையில் காலியாக இருந்தது. பூனையாக இருந்தால் தட்டி உருட்டியிருக்கும். இது வைத்த இடத்திலேயே, மூடிய வெள்ளைத் துணி கலையாமல், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாமல், விளிம்பு மட்டும் ஈரமாக இருந்தது. நோன்பு மாதம். வீட்டில் அவளைத் தவிர ஆளில்லை.

அலமாரியில் இருந்தவை நான்கு கோப்பைகள். வழவழவென்று தேய்த்த கொட்டாங்கச்சிக்கு விளிம்பிலும் அடியிலும் வெள்ளிப் பூண் போட்டவை. புகுந்த வீட்டு ஆண்களுக்கு, கப்பலேறிய காலத்திலிருந்து, ஆளுக்கொன்று. பயணம் போகிறவன் வாசலைத் தாண்டுமுன் பாதி குடித்து மீதியை வைத்துவிட்டுப் போவான். திரும்பி வந்ததும் முதல் வாய் அதிலேதான் குடிப்பான். அதுவரை அவன் பெண்டாட்டி தினமும் பழையதைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மௌத்தாகிவிட்டான் என்று தெரிந்தால் கோப்பையைக் கவிழ்த்துவிடுவார்கள். மூன்று கவிழ்ந்திருந்தன. அவள் புருஷன் மதார் சாகிப்பின் கோப்பை மட்டும் பதினெட்டு வருஷமாக நிமிர்ந்திருந்தது.

கல்யாணமான ஐந்தாம் மாதம் துபாய்க்குப் போய்ச் சரக்கு லாஞ்சில் ஏறினான். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் லாஞ்சும் இல்லை, ஆளும் இல்லை. ஜமாத்தில் அவளை அந்தக் கல்யாணத்திலிருந்து விடுவித்துவிடத் தயாராகத்தான் இருந்தார்கள். மாமிதான் குறுக்கே நின்றாள். "கோப்ப நிமிந்துல்ல நிக்கிது. எம்புள்ள உசுரோட இருக்கான்." அவன் கப்பலேறியபோது அஜீசுன்னிசாவுக்கு இருபத்திரண்டு. இப்போது நாற்பது. தான் ஒரு கொட்டாங்கச்சிக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பை யாரும் பார்த்ததில்லை.

யாருக்கும் தெரியாத இன்னொன்றும் இருந்தது. வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் தூக்கி வர வேண்டும். மாமிக்குக் கண் மங்கிய நாளிலிருந்து அவள் கோப்பையில் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினாள். பதினோரு வருஷம். உன் பிள்ளைக்கு இது போதும் என்று ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். அதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் மாமி போய்ச் சேர்ந்தாள். அண்ணன் நெய்னா முகம்மது நாகூரில், மனைவியை இழந்த ஒருவரைப் பார்த்து வைத்திருந்தான். பெருநாள் கழிந்ததும் ஜமாத்தில் பேசி முடிப்பதாக ஏற்பாடு.

"மொதல்ல அந்தக் கோப்பைய ஒழிச்சுக்கட்டு. நம்ம மார்க்கத்துல இல்லாத பழக்கம்" என்றான்.

"ஒழிச்சுடுறேன் நானா."

பாண்டிச்சேரியிலிருந்து பழம்பொருள் வாங்க வந்த கவியரசன் நான்கையும் முழுசாகக் கேட்டிருந்தார், ஏதோ ஓட்டல் கண்ணாடி அலமாரிக்கு. நல்ல விலைதான். ஆனால் அங்கேயும் அந்த ஒன்று நிமிர்ந்தே நிற்கும். கவிழ்த்து வைக்கலாமென்றால், உயிரோடிருப்பவனின் கோப்பையைக் கவிழ்ப்பது கொலைக்குச் சமம் என்று மாமி சொல்லி வைத்திருந்தாள். வைத்திருக்கவும் முடியாது, விற்கவும் மனமில்லை. ஈர விளிம்பைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி ஈரமாயிற்று. நான்கையும் பையில் போட்டுக்கொண்டு தலத்தெருவில் வெள்ளி உருக்கும் பத்தரிடம் போக ஆட்டோ ஏறினாள்.

வைத்திலிங்கம் பத்தர் மூன்று கோப்பைகளின் வெள்ளியைச் சட்டென்று நெம்பி எடுத்தார். நான்காவதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, இதுல மட்டும் இப்புடி உப்பு பூத்திருக்கு? பூணுல பல்லு பதிஞ்சிருக்கு பாருங்க. யாரு கடிச்சது?"

"உருக்கிடுங்க" என்றாள்.

"வெள்ளி மட்டும் போதும்மா. கொட்டாங்கச்சிய நான் வச்சிக்கிட்டு என்ன பண்றது?"

வீட்டுக்கு வந்து நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டும்போது நான்கு ஓடுகளையும் உள்ளே தள்ளினாள். மூன்று குப்பென்று பற்றிக்கொண்டன. நான்காவது வெகுநேரம் சீறியது, அதன் அடியிலிருந்த மூன்று கண்களிலிருந்தும் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது, ஊறிப்போன கயிறும் அழுகிய மீனும் கலந்தாற்போல ஒரு வாடை கூடத்தையெல்லாம் நிறைத்தது. கடைசியில் அதுவும் எரிந்தது. பதினெட்டு வருஷம் முடிந்தது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

நோன்பு திறக்கும் மஃரிபுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. கொல்லையில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது.

யாரோ தண்ணீர் சேந்தினார்கள். வாளி மேலே வந்தது. பிறகு மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். நிற்கவே இல்லை. வாளி மறுபடி இறங்கியது.

கதவைத் திறந்தாள்.

கிணற்றடியில் குந்தியிருந்தான். நீலக்கோடு போட்ட சட்டை. போகும்போது அவள் பெட்டி போட்டுக் கொடுத்த சட்டை. அன்றிருந்த அதே இருபத்தைந்து வயது. திரும்பினான். உதடுகள் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளில் வெள்ளையாக உப்பு.

"அஜீசு. எல்லாம் உப்பா இருக்கு புள்ள."

அவள் நகரவில்லை.

"இத்தன வருசமா உப்பாவே குடுத்தியே. நல்ல தண்ணி இல்லியா?"

உள்ளே ஓடினாள். நோன்பு திறக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கினாள். கை தானாக அலமாரிக்குப் போனது. தூசி படியாத நான்கு வட்டங்கள். வேறொன்றும் இல்லை.

அவன் பின்னாலேயே வந்துவிட்டான். கையை ஏந்தினான். ஊற்றினாள். விரலெல்லாம் ஓட்டை. எல்லாம் தரையில் வழிந்தது. குடத்தையே வாயில் சாய்த்தாள். போனது. போய்க்கொண்டே இருந்தது. குடம் காலி.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் சங்கு ஊதியது.

"எங் கோப்ப எங்க?"

அவள் கண்ணில் நீர் கட்டியது. அவன் அதைப் பார்த்தான். இரண்டு உள்ளங்கைகளையும் அவள் தாடைக்கு அடியில் கொடுத்தான். புறப்பட்ட அன்று வாசலில் அந்தக் கோப்பையை ஏந்தியது போலவே, பதனமாக. முகத்தை நிமிர்த்தினான். சாய்த்தான். குடிக்குமுன் பிஸ்மி சொன்னான்.

அவள் கண்ணின் விளிம்பில் பற்கள் பதிந்தன.