வெடிக்கு முந்திய தட்டல்

வெடிக்கும் முன்பே ஒரு தட்டல் கேட்டது.

பரணிதரன் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பதிவை மறுபடி ஓடவிட்டான். டெல்டா பக்கம் பல வருடமாக மூடிக் கிடக்கும் எண்ணெய்க் கிணறு அது. கிணற்று வாயில் கேஸ் துப்பாக்கியால் ஒரு வெடி வெடித்தால், சத்தம் குழாய்க்குள் இறங்கி, இணைப்புக்கு இணைப்பு மோதித் திரும்பி வரும். திருத்தணி வீட்டில் உட்கார்ந்தபடி அந்த எதிரொலிகளை எண்ணி, எத்தனையாவது இணைப்பில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் அவன் பிழைப்பு. வெடிக்கு முந்தைய நொடிகளை எவன் கேட்கிறான்? வெட்டி எறிந்துவிடுவார்கள். நேற்று அவனும் வெட்டிவிட்டு, ‘அடைப்பு இல்லை, திறக்கலாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டான். இன்று பகல் பன்னிரண்டுக்கு அந்த மூடியைத் திறக்கப்போவது அவன் தம்பி அரசு.

மணி பதினொன்று ஐம்பது.

அடுத்த தெரு விசைத்தறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. மலைப்படியில் ஏறும் காவடிக் கூட்டத்தின் அரோகரா, சமையலறைத் தாளிப்பு வாசனையோடு கலந்து வந்தது.

“சோறு ஆறிகினு கீதுங்க,” என்றாள் மனைவி சுசித்ரா.

அவன் நேற்றைய ஐந்து பதிவுகளையும் வெட்டாமல் திறந்தான். முதலாவதில் தட்டல் மேலிருந்து நாற்பதாவது இணைப்பில். அடுத்ததில் முப்பத்தொன்று. இருபது. ஒன்பது. கடைசியில், இரண்டு.

ஐயோ, ஏறி வருகிறதே!

போன் போட்டான்.

“அரசு, மூடியத் தொடாதடா! ஓடிடு!”

“இன்னாண்ணா, நீதான தொறக்கலாம்னு எழுதின?”

“தப்பா எழுதிட்டன்டா. என் மேல சத்தியம், ஓடுடா!”

“ஆங், சரிண்ணா. ஆனா மூடியக் கழட்டிட்டேனே...”

அரசுவின் போன் எங்கோ விழுந்தது. கூப்பிட்டான். கத்தினான்.

தெருவில் கரன்ட் போயிற்று. தறிகள் நின்றன. பேட்டரியில் ஓடிய லேப்டாப்பில், கிணற்று வாயில் இருக்கும் மைக்கை நேரடியாகத் திறந்தான்.

காற்று. பிறகு, ஏதோ உரசிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு இணைப்பிலும் டக்கென்று ஒரு சத்தம். வேண்டாம் என்று நினைத்தும் மனம் எண்ணியது. ஒன்பது. இருபது. முப்பத்தொன்று.

நாற்பது. நின்றது.

“அண்ணா,” என்றது அடியிலிருந்து அரசுவின் குரல். “இங்க வேற யாரோ கீறாங்கண்ணா.”

அந்தக் குழாயின் அகலம் ஒரு சாண்கூட இல்லை.