கண் சிமிட்டவும்

கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. வீட்டுக் கதவிலிருந்து செய்தி. 'நிரோஷா உள்ளே வந்தார். 4.12.'

நிரோஷா அலுவலகத்தில் இருந்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், பழைய கடைவீட்டின் மாடியில், சனிக்கிழமை மழையில் தன்னந்தனியாக. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடையிலிருந்து ஏறிவந்த மீன்குழம்பு வாசனையும், தகரக் கூரையை விடாமல் அறைந்துகொண்டிருந்த மழையின் ஓசையும், மின்விசிறியின் ஒற்றைக் கிறீச்சும் சேர்ந்து அந்த அறையை அடைத்திருந்தன. வீடு பாலிக் புலாவில். மலைப்பாதையில் முக்கால் மணி நேரம். அங்கே ஒன்பது வயது மகள் காமினி மட்டும்.

கதவுப் பூட்டு யார் முகத்தையோ தவறாகப் படித்திருக்கும் என்று நினைத்தாள். அதன் மென்பொருளைப் பொதியாகக் கட்டி அனுப்புகிறவளே அவள்தான். முகத்தை அடையாளம் காண்பது வேறு யாரோ எழுதிய ஒரு லைப்ரரி, ஆயத்த நிரல்தொகுப்பு. அதன் புதுப் பதிப்பு பூட்டின் சிஸ்டத்திலேயே இருந்தது. அதற்கேற்ப எல்லாவற்றையும் மாற்றப் பொறுமையில்லாமல், கையிலிருந்த பழைய பிரதியைப் பொதிக்குள் திணித்து அனுப்பிவிட்டாள். மூன்று வருடமாக அதுதான் ஓடுகிறது.

மேலதிகாரி மோகனராஜ் அன்றே தடுத்தார். “பழச உள்ள வச்சுக் கட்டாதலா. நாளைக்கு அதுல ஓட்டைன்னு தெரிஞ்சா சிஸ்டத்துல உள்ளது தானா சரியாயிடும். நீ கட்டினது அப்படியே கிடக்கும்.”

“அடுத்த மாசம் மாத்திடறேன் அண்ணே.”

மாற்றவில்லை. ஓட்டையும் பிறகு தெரிந்தது. எதிரே நிற்பது உயிருள்ள முகமா என்று பழைய பிரதி பார்ப்பதில்லை. புதியது கண் சிமிட்டச் சொல்லும், சிமிட்டினால்தான் திறக்கும். திருத்திய பொதி தயாராகி இரண்டு மாதமாக அவள் கணினியில் கிடந்தது.

அப்படியானால் யாரோ அவள் புகைப்படத்தைக் காட்டி நுழைந்திருக்கிறார்கள். திருடன். மகளை அழைத்தாள். காமினி உடனே எடுத்தாள்.

“பக்கத்துல நின்னுக்கிட்டு ஏம்மா போன் பண்றீங்க?”

“நான் ஆபீஸ்ல இருக்கேன்டா.”

“விளையாடாதீங்கலா. முடியெல்லாம் எப்படிப் பழையபடி நீளமாச்சு?”

நிரோஷாவின் கை தானாகப் பிடரிக்குப் போனது. தைப்பூசத்துக்கு மொட்டை போட்ட தலை. முடி இன்னும் காதைக்கூட எட்டவில்லை. பூட்டில் பதிந்திருக்கும் அவள் முகம்தான் மூன்று வருடத்துக்கு முந்தையது. இடுப்புவரை கூந்தலோடு.

காமினியின் குரல் போனைவிட்டு விலகியது. வேறு யாரிடமோ கேட்டாள்.

“ஏம்மா கண்ணே சிமிட்ட மாட்டேங்கிறீங்க?”

தொடர்பு அறுந்தது.

மறுபடி அழைத்தாள். மணி மட்டும் அடித்தது. அடுத்த வீட்டு ஜெகதீஸ்வரி அக்காவும் எடுக்கவில்லை. கைப்பேசி அதிர்ந்தது.

'நிரோஷா உள்ளே வந்தார். 4.19.'

வெளியே போகாமலே மறுபடி எப்படி?

'நிரோஷா உள்ளே வந்தார். 4.20.'

'நிரோஷா உள்ளே வந்தார். 4.20.'

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மின்விசிறியின் கிறீச். அவள் மூச்சு. வேறு சத்தமில்லை.

கணினியில் திருத்திய பொதியைத் தேடினாள். தன் வீட்டுப் பூட்டுக்கு அனுப்பினாள். பழைய பிரதி நீங்கியது. பத்து சதவீதம். நாற்பது. கைப்பேசி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. எண்பது. நூறு.

'முகம் ஏற்கப்படவில்லை. கண் சிமிட்டவும்.'

அடைத்துவிட்டாள். பள்ளிவாசலில் அஸர் பாங்கு எழுந்தது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படிவரை ஓடியவள், அங்கேயே நின்றாள்.

காமினி ஆறு வயதில் தெருவுக்கு ஓடியதிலிருந்து கதவின் உள்பக்கமும் ஒரு கேமரா உண்டு. வெளியே போகவும் பதிந்த முகம் காட்ட வேண்டும்; வளர்ந்தபின் காமினி முகமும் பதிந்தாயிற்று. கண் சிமிட்ட வேண்டும்.

உள்ளே வந்தவை உள்ளேயே இருந்தன. மகளோடு.

கைப்பேசி அதிர்ந்தது. உள்பக்கக் கேமரா.

'காமினி. முகம் பொருந்துகிறது. கண் சிமிட்டவும்.'

படத்தைத் திறந்தாள். குழந்தையின் முகம் திரை நிறைய. இரு தோளிலும் அதன் பின்னாலும் ஈரக் கூந்தல், கூந்தல், கூந்தல்.

“சிமிட்டும்மா,” என்றாள் நிரோஷா. “ஒரே ஒரு தடவை.”

படம் உறையவில்லை. பின்னால் கூடத்து விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் நொடிகள் ஓடின. பத்து. இருபது. ஐம்பது.

காமினி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கண் சிமிட்டவும்.'

'கண் சிமிட்டவும்.'