ஒன்பதாம் கட்டிலுக்கு முன்னுரிமை

நெட்வொர்க் மெக்கானிக் மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மதியம்தான். ஆனாலும் வார்டு அந்தி போல மங்கிக் கிடந்தது. வேலையும் முடியும், எட்டாம் கட்டிலில் மூச்சுத்திணறலோடு கிடக்கும் அக்காவையும் பார்க்கலாம் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய்க் கணக்கில் வந்திருந்தான்.

"கட்டில்கிட்ட மெஷின் கத்துது. என் கம்ப்யூட்டருக்கு ஆற அமரத்தான் வந்து சேருது," என்றாள் நர்ஸ். "போன மாசம் ஒன்பதுல ஒரு அம்மா. மணி இங்க அடிக்கிறதுக்குள்ள போயிட்டாங்க."

ஒன்பது, அக்காவுக்கு அடுத்த கட்டில். இப்போது அது வெறும் இரும்பு. மெத்தையையும் மெஷினையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

வில்லங்கம் சுலபமாகச் சிக்கியது. வார்டு கேமராப் படங்கள் நெட்வொர்க்கில் வழியை அடைத்து நின்றன. நர்ஸின் கம்ப்யூட்டரில், நெட்வொர்க் அடாப்டரின் செட்டிங்கில், அவசரச் செய்தியை முதலில் உள்ளே விடும் முன்னுரிமை அணைந்து கிடந்தது. ஊர்வலத்துக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்ட கதைதான். முன்னுரிமையை இயக்கினான்.

"இனிமே உயிர்ச் சமாச்சாரம்தான் முதல்ல வரும் சிஸ்டர்."

மணி அடித்தது.

திரையில், கட்டில் ஒன்பது.

"அங்க மெஷினே இல்லையே," என்ற நர்ஸின் குரல் தேய்ந்தது.

அவன் போய்ப் பார்த்தான். சுவரில் ஒயர்கூட இல்லை. ஸ்பிரிட் வாடை மட்டும் கனமாகத் தேங்கி நின்றது. அவன் திரும்பியதும் பின்னால் கட்டில் கம்பிகள் முனகின, யாரோ புரண்டு படுப்பது போல.

அவன் நர்ஸின் மேஜைக்கு ஓடிவந்தான். திரை முழுக்க ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

மேஜைக்கு முன்னிருந்த கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்காவின் மெஷினில் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

திரையில் எட்டு வரவே இல்லை.

"சிஸ்டர், எங்கக்கா!"

நர்ஸ் ஓடிப்போய் ஆக்சிஜனைக் கூட்டினாள். அவன் முன்னுரிமையை அணைத்தான். ஒன்பது மறைந்தது. எட்டின் மணி இப்போதுதான் மெல்ல வந்து அடித்தது. அக்காவுக்கு மூச்சு திரும்பியது.

அவனுக்கும்தான்.

அருகே போய்க் குனிந்தான். அக்கா கண் திறக்காமலே கிசுகிசுத்தாள்.

"தம்பி, பக்கத்துல படுத்திருக்கவங்க அழறாங்கடா. அன்னைக்கும் பின்னாடி நிக்க வெச்சாங்களாம். இன்னைக்கு நீயும் தள்ளிட்டியாம்."

"பக்கத்துல யாரும் இல்லக்கா."

"அப்போ என் கைய விடச் சொல்லு."

அக்காவின் இடக்கை ஒன்பதாம் கட்டிலை நோக்கி நீண்டு, பிடிமானம் எதுவுமின்றி அந்தரத்தில் நின்றது. மணிக்கட்டில் ஐந்து விரல் பதிந்த பள்ளங்கள். அவன் பார்க்கப் பார்க்க, அவை இன்னும் ஆழமாக அழுந்தின.