எழுபத்தைந்தாம் இடத்துக் கோடு

காலையில் சின்னத்தாயி அப்பன் ரத்தினசாமியின் கையை இழுத்து வைத்துத் தன் விரல்களைப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தாள். இருவர் நகத்திலும் குறுக்கே ஒரே மாதிரி வெள்ளைக் கோடு. அப்பனுக்கு இருப்பது தனக்கும் இருக்கிறதென்று அவளுக்கு ஒரே பெருமை. சத்துக் குறைவுதான், இனிமேல் இரண்டு டம்ளர் பால் குடி, போய்விடும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். மாட்டியது காலுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

கஞ்சிக்கோட்டு உலோக ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. கணவாய்க் காற்று நாளெல்லாம் தகரக் கூரையைப் பிறாண்டும். அதற்கடியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் பம்பு, நோயாளி மாதிரி ஓயாமல் முனகும். அந்த மிஷினுக்கு எறும்புத் தலையளவு பொருள் போதும். கரித்தூளோடு அரைத்து, குச்சியாக அழுத்தி, காற்றில்லாத கூட்டுக்குள் பொறி பறக்க விட்டால், உள்ளிருப்பதெல்லாம் எடைவாரியாகப் பிரிந்து போட்டோக் கண்ணாடித் தகட்டில் கோடு கோடாக விழும். எழுபத்தைந்தாம் இடத்தில் விழுந்தால் ஆர்சனிக். பாஷாணம்.

போன வருஷம் உலைக்காரன் சோலை வாந்தியெடுத்தே செத்தான். உலைப்புகைதான் கொன்றதென்று தகடு சொன்னால் ஆலைக்குப் பூட்டு. புதைக்குமுன் அவன் பெண்சாதி நாச்சம்மாள் தானே அவன் நகத்தை வெட்டி மஞ்சள் துணியில் முடிந்து, சோதிக்கச் சொல்லி ரத்தினசாமியிடம் கொடுத்தாள். மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். ரத்தினசாமி அந்த முடிச்சை அவிழ்க்கவேயில்லை. குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுத் தன் சுண்டுவிரல் நகத்தை மிஷினில் வைத்தான். தகட்டில் எழுபத்தைந்தாம் இடம் துடைத்துவிட்டதுபோல வந்தது. சோலை சாராயத்தில் செத்தானென்று முடிவு கட்டினார்கள். நாச்சம்மாளுக்குத் துடைப்பம் கிடைத்தது. கூடத்தைக் கூட்ட வேண்டும், டீ கொடுக்க வேண்டும், உலைப் புகைபோக்கியில் படியும் வெள்ளைப் பொடியைச் சுரண்ட வேண்டும். அதுபோக, தன் எருமைப் பாலைக் குடியிருப்பு வீடுகளுக்கு ஊற்றினாள்.

இப்போது அதே உலையில் வேலை பார்த்த குப்பண்ணன் செத்திருந்தான். மேனேஜர் அதே வார்த்தையைச் சொன்னார். ரத்தினசாமி அதே சுண்டுவிரல் நகத்தை வெட்டிக்கொண்டான்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும். தகடு கழுவும் மருந்தின் புளித்த வாடை. தட்டை மெல்ல ஆட்ட ஆட்ட, வெறுங்கண்ணாடியில் கோடுகள் ஊறி வந்தன. கரி. சுண்ணாம்பு. நகத்தின் கந்தகம். எழுபத்தைந்தாம் இடத்தில் நிழலாக ஒன்று. விரலால் தள்ளிப் பார்த்தான். போகவில்லை. கறுத்தது. இன்னும் கறுத்தது.

இது அவனுடைய நகம். உலைப் பக்கமே போகாதவனின் நகம்.

மாதக்கணக்காக மரத்த கால். குடலைப் பிடுங்கும் வயிறு. வாயில் பூண்டு நாற்றம். நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு.

சின்னத்தாயியின் விரல்கள்.

கறுப்புத் திரை அசைந்தது. நாச்சம்மாள் உள்ளே நின்றாள். இடுப்பில் பால்கேன்.

"ஏனுங்க, டீ அப்படியே இருக்குதுங்களே. ஆறிப்போச்சு."

அவள் மடியிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சள் வெளிறித் தெரிந்தது.

"எங்கூட்டுக்காரரு நகமுங்க. மொத நாளு கூட்டையில உங்க குப்பைக்கூடையில கெடந்துச்சு. நாம்போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சுங்க."

"நாச்சம்மா. செஞ்சது நானு. எம்பட புள்ளைய விட்ரு."

அவள் கோபப்படவில்லை.

"பாப்பாவுக்குப் பாலுன்னா உசுருங்க. இன்னைலிருந்து ரெண்டு டம்ளரு வேணும்னு சொல்லி உட்டுருக்கறாங்க. நேரமாச்சு. ஊத்தீட்டு வந்தர்றனுங்க."

திரையை முழுக்க விலக்கிவிட்டுப் போனாள். சாயங்கால வெயில் உள்ளே பாய்ந்தது. அவள் பின்னால் ஓட எழுந்தான். கால் இல்லை. இருந்தது, அவனுடையதாக இல்லை. குப்புற விழுந்தான். முழங்கையால் வாசற்படிவரை ஊர்ந்தான். கத்தினான். காற்று அதைக் கூரைக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. பம்பு முனகியது.

தட்டில், வெளிச்சம் பட்ட கண்ணாடி முழுதும் கறுத்துக்கொண்டிருந்தது. கோடு எதுவென்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மைதானத்துக்கு அப்பால் பால்கேன் ஆடி ஆடிப் போயிற்று. குடியிருப்பு வாசலில் சின்னத்தாயி குதித்துக்கொண்டு நின்றாள். கைக்கொன்றாக இரண்டு டம்ளர்.