ஒழுங்கை முனைப் பீப்பா

பெயின்ற் இன்னும் காயவில்லை. விரல் நுனியில் ஒட்டிய மஞ்சளைப் பிரியந்தன் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை அது, அவனுடைய வீடு இருந்த ஒழுங்கை. மதிலோரத்துப் பற்றையை யாரோ அன்றுதான் வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில், வயிறு நிறையச் சீமெந்து விழுங்கிய பழைய தார்ப் பீப்பா ஒன்று நின்றது. துருப்பிடித்து விளிம்பெல்லாம் உதிர்ந்து கிடந்த அந்தச் சாமானுக்கு எந்த விசரன் புதிதாக மஞ்சளும் கறுப்பும் அடித்துவிட்டுப் போனான் என்று அவன் யோசிக்கவில்லை. வந்த சந்தோசம் யோசிக்க விடவில்லை.

ஆளுக்கொரு பைத்தியம். வங்கி வேலை முடிந்து வந்தால் மற்ற மனுசர் கிரிக்கெட் பார்ப்பார்கள். இவன் தெருத்தெருவாக அலைந்து பழைய தபால் பெட்டி, மைல்கல், இரும்பு வடிகால் மூடி என்று படம் பிடித்து முகநூலில் போடுவான். இதே விசரில் திரிந்த வேறு சிலரும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரன் விட்டுப்போனதைத்தான் தேடினார்கள். சண்டைக்காலத்துச் சோதனைச்சாவடிப் பீப்பாவை இதுவரை ஒருத்தரும் போடவில்லை. அவனுடைய இளந்தாரி வயதில் கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியில் எங்கே திரும்பினாலும் இது நின்றது. தூரத்தில் கண்டதுமே கை சட்டைப் பைக்குள் போய்விடும், அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்க. இன்றைக்கும் போனது.

'அட, இந்தக் கைக்கு இன்னும் மறக்கேல்லையே!' என்று தனக்குள் சிரித்தவன், அட்டையை எடுத்துப் பீப்பாவின் தலையில் வைத்துப் படம் எடுத்தான். அந்த நாளில் அட்டையைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை மூச்சு விடாமல் நின்ற சனத்துக்கு இந்த ஒரு படம் போதும். எடுத்து முடிய மழை கொட்டியது. மனுசன் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

படத்தைக் காட்டியதும் மனைவி நிருஷாவின் முகம் கறுத்துப் போனது.

"சும்மா கிடந்த சனியனை ஏனப்பா தேடிப் போறீங்கள்? உலகத்தில வேற ஒண்டும் கிடைக்கேல்லையே?"

"வெறும் பீப்பா, நிருஷா."

"வெறும் பீப்பாவுக்கு ஏன் ஐசியைக் குடுத்தனீங்கள்? எங்க அது?"

அடையாள அட்டை இருக்கவேண்டிய சட்டைப் பை வெறுமையாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மஞ்சளும் கறுப்பும் பளிச்சென்று இருந்தன. அட்டை வைத்த இடத்தில் இப்போது வெறும் சீமெந்து.

"போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. அப்பிடியே பஸ் ஹோல்ட்டில நிண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. எனக்கு மனசு சரியில்லை."

பிள்ளை என்றால் தாரிகா. கோயில் கோயிலாக நேர்ந்து, சண்டை முடிந்த பிறகு பெற்ற ஒரே மகள். கல்கிசையில் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தாள். சாவடி என்றால் என்னவென்றே தெரியாது, அடையாள அட்டைகூட இன்னும் கைக்கு வரவில்லை. அவளுக்கு ஒன்று என்றால் பிரியந்தன் உயிரோடு இருக்கமாட்டான்.

அவன் வெளியே வர மின்சாரம் போய்விட்டது. வீடுகளுக்குள் இருந்து வந்த தொலைக்காட்சிச் சத்தமும் குக்கர் விசிலும் அப்படியே நின்றுவிட, தண்டவாளத்துக்கு அப்பால் கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. வெட்டிய பற்றை கிடந்தது. பீப்பா இல்லை. அது ஒழுங்கையின் மேல்முனையில், காலி வீதிக்கு ஏறும் இடத்தில் நின்றது. அதற்கு எதிரே இன்னொன்று. இரண்டுக்கும் இடையால் ஒரு ஓட்டோ வேகம் குறைக்காமல் போனது, சாரதிக்கு ஒன்றும் தெரியவில்லை போலும்.

ஓட்டோ வெளிச்சத்தில்தான் வரிசையைக் கண்டான். ஆண்களும் பெண்களும் குடையில்லாமல் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். யாரும் இருமவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற பெண் கைப்பையை மார்போடு பிடித்திருந்தாள். அந்த நிலை அவனுக்குத் தெரியும். திரும்பி ஓடப் பார்த்தான். அவனுக்குப் பின்னாலும் வரிசை நீண்டிருந்தது.

டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அட்டை எங்கே என்று சிங்களத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஐ.டி. கோ?"

"நே... மாத்தயா... வைச்ச இடத்தில காணேல்ல..." சிங்களம் பாதியில் மறந்து போனது.

"வாடி வென்ன."

இருக்கச் சொன்ன அந்தக் குரலுக்குக் கால்கள் தாமாகவே மடங்கின. கீழே ஜீப்பின் ஆசனம் இருந்தது. பின்னால் இருந்து யாரோ தலைக்கு மேலால் எதையோ இழுத்தார்கள். சணல் மணம். மூச்சு முட்டியது. கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை.

ஐயோ கடவுளே. அவனுக்கு விளங்கிவிட்டது. சுற்றிவளைப்பு நாட்களில் ஜீப்புக்குள் ஒருத்தன் இருப்பான், தலையில் சாக்கு மாட்டியபடி. சனத்தை ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடத்துவார்கள். அவன் தலை ஆடினால் அந்த ஆள் வீட்டுக்குப் போகமாட்டார். தலையாட்டி என்று சனம் சொல்லும். அந்தச் சாக்குக்குள் இருப்பது யார் என்று பிரியந்தன் ஒருநாளும் யோசித்ததில்லை.

கைப்பைக்காரி வந்து நின்றாள். தலை ஆடவில்லை. போனாள். ஒரு கிழவர். போனார். காலி வீதியில் பஸ் நின்று புறப்படும் சத்தம் கேட்டது.

பள்ளிப் பை. நனைந்த பின்னல். தாரிகா.

வராதே. ஓடு. பிள்ளை, ஓடு! கத்தினான். சாக்கு நனைந்தது, சத்தம் வெளியே வரவில்லை.

"அங்கிள், எனக்கு இன்னும் ஐசி வரேல்ல." டோர்ச் பிடித்தவனிடம் சொன்னாள். "எங்கட வீடு இந்த லேனிலதான். அப்பா நிக்கிறார். அவரைக் கேளுங்கோ. அவர் சொல்லுவார் நான் ஆரெண்டு."

கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள்.

தன் கழுத்தைத் தானே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். நகம் தோலுக்குள் இறங்கியது. ஆடாதே. ஆடாதே.

அவள் குனிந்தாள். அந்த இரண்டு ஓட்டைகளுக்குள்ளும் உற்றுப் பார்த்தாள்.

"அப்பா?"

தலை ஆடியது.