சவுரியா, சொந்த முடியா?

மதாம் லூசியின் சிகையலங்காரக் கடையில் முடி உலர்த்தும் மெஷின் உறுமத் தொடங்கியதும் அஞ்சலாட்சி கண்களை மூடிக்கொண்டாள்.

அலசிய கூந்தலுக்குள் சூடான காற்று புகுந்து புறப்பட்டது. ஆகா... இதற்காகத்தானே மாதம் முழுக்கத் தையல் கடையில் காஜா எடுப்பது! பட்டுப்புடவை எட்டாது. ஒட்டியாணம் கனவில்கூட வராது. ஆனால் சம்பளம் வாங்கிய மறுநாள் மிஷன் வீதியில் இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், ரெட்டியார்பாளையத்துப் பெண் அன்றைக்கு மகாராணி!

பாதி முடிதான் காய்ந்திருக்கும். மெஷின் இருமியது... நின்றேவிட்டது.

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்த மதாம், எதிரே புதிதாகத் திறந்திருந்த எலெக்ட்ரிக் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வந்தவன் தணிகாசலம். நெடுநெடுவென்ற உயரம், காக்கிச் சட்டை, கண்ணெல்லாம் குறும்பு. மெஷினைப் பிரித்தவனின் பார்வை, நாற்காலி முதுகைத் தாண்டி வழிந்த கூந்தலில் போய் நின்றுவிட்டது. கருகருவென்று, சுருள் சுருளாய்... கையிலிருந்த திருகாணி உருண்டோடியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, மெஷின் அங்க இருக்குது" என்றாள் அஞ்சலாட்சி, கண்ணாடியில் அவனை முறைத்தபடி.

"அதத்தான் பாக்கறேன்."

"மெஷினுக்கு முடி மொளைச்சிருக்குதா?"

மதாம் சிரித்துவிட்டாள். அவன் அசடு வழிந்தான். "தப்பா நெனைக்காதீங்க. இவ்ளோ முடிய நான் பாத்ததே இல்ல."

"சவுரின்னு சந்தேகமா? நீங்களும் இழுத்துப் பாக்கறீங்களா?"

"ஐயையோ... யாரு இழுத்தது?"

"போன மாசம் கருவடிக்குப்பத்துலேர்ந்து பொண்ணு பாக்க வந்த மகராசிதான். பூ வெச்சி விடறாப்ல வந்து பின்னல சுண்டி இழுத்துட்டாங்க! காபித் தட்ட அங்கயே வெச்சிட்டு உள்ள போயிட்டேன். அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கவே மாட்டேன்னுட்டேன்."

அவன் முகத்துக் குறும்பு எங்கோ போய்விட்டது. குனிந்து மெஷினைச் சரிசெய்தான். மறுபடி காற்று வீசியது. வேலை முடிந்தும் அவன் போகவில்லை. கண்ணாடிக்குள் அவன் கண்களும் அவள் கண்களும் சந்திப்பதும் ஓடுவதுமாக... சீ, என்ன இது, நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே!

அவள் எழுந்தபோது அவன் மெல்லச் சொன்னான். "அந்தம்மா... எங்க அத்தைங்க. மாப்பிள்ளை நான்தான்."

அவ்வளவுதான். விடுவிடுவென்று படியிறங்கினாள். வெளியே நல்ல மழை. மாதத்துக்கு ஒருநாள் கிடைக்கும் சுகம் மொத்தமும் நனையப் போகிறது. அதற்காகவா கண் கலங்கியது? ஊரில் எத்தனை வீடு இருக்கிறது... இவன் போய் அந்த வீட்டுப் பிள்ளையாகவா இருக்கவேண்டும்!

தலைக்குமேல் மழை சட்டென நின்றது. நிமிர்ந்தாள். மதாமின் பூப்போட்ட குடையை நீட்டிப் பிடித்தபடி, தொப்பலாக நனைந்துகொண்டு அவன்.

"கோவம் எங்க மேலதானே? முடி என்ன பண்ணுச்சி?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நெசமான முடின்னு தெரிஞ்சதும் அத்தைக்கு வெக்கமாப் போச்சி போல. வீட்ல வந்து, பொண்ணு வாயாடின்னு கதைய முடிச்சிட்டாங்க."

"நீங்க நேர்ல வந்து பாத்திருக்கலாமே?"

"மொதல்ல பொம்பளைங்க பாத்துட்டு வந்து சொல்றதுதானே வழக்கம்... அதக் கேட்டுட்டு சும்மா இருந்தது என் தப்புதாங்க." அவன் குரல் தழைந்தது. "இப்ப நானே பாத்துட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு. முடி மட்டும் இல்ல... அந்த வாயும்."

இன்னும் நாலடி நடந்தால் தெருமுனை. போய்விட்டால் ரோஷம் ஜெயித்துவிடும். ஆனால் இந்தக் கண்களை அப்புறம் எங்கே தேடுவது?

"உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே..."

"அப்ப...?"

"நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. அத்தையையும் இட்டுக்கிட்டு வாங்க. இந்தத் தடவ பூவ மட்டும் வெச்சி விடச் சொல்லுங்க." தலை தானாகக் குனிந்தது. "எனக்கும்... புடிச்சிருக்கு."

அவன் கையோடு சேர்த்துக் குடையைப் பற்றி அவன் பக்கமாகச் சாய்த்தாள். மழை கூந்தலில் கொட்டியது. கொட்டட்டுமே என்றிருந்தது அவளுக்கு.